சிவப்பு என்றால் எந்தச் சிவப்பு?

ருமேனிய நாட்டார் வழக்காற்றில் சிவப்புக்கு என்ன பொருள் என்று பேசும் ஒரு நூலை வடிவமைக்கும் வேலை வந்தபோது, முதல் அட்டையை ஒரே மாலையில் முடித்துவிட்டேன். கறுப்புப் பின்னணி, மேலிருந்து வழியும் அடர்சிவப்பு. ருமேனியா என்றதும் டிராகுலாதான் மனதில் வந்து நின்றது. நூலாசிரியர் பார்த்தார். "இது சினிமாச் சிவப்பு. எங்கள் பாட்டிமார் குழந்தையின் கையில் கட்டும் சிவப்பு இல்லை" என்றார்.

அவர் சொன்னது சரி. அந்த ரத்தக்காட்டேரிக் கதையை 1897இல் நாவலாக எழுதியவர் ஓர் அயர்லாந்துக்காரர். ருமேனியாவுக்குப் போனதே இல்லை. ருமேனியக் கிராமத்தில் சிவப்பு காவல் நிறம். பிறந்த குழந்தையின் மணிக்கட்டில் சிவப்பு நூல், ஆட்டுக்குட்டிக்கும் ஒன்று, குதிரையின் தலைவாரில் சிவப்புக் குஞ்சம். எல்லாம் 'தெயோக்கி' படாமலிருக்க. நாம் கண்ணேறு என்கிறோமே, அதுதான். ரத்தமே இல்லை என்றும் சொல்ல முடியாது. சிலுவையடியில் மரியாள் வைத்த கூடையில் சொட்டிய ரத்தத்தால்தான் ஈஸ்டர் முட்டை சிவந்தது என்றொரு கதை அங்கே உண்டு. ஆனால் ஈஸ்டர் காலையில் அந்தச் சிவப்பு முட்டையையும் ஒரு வெள்ளிக்காசையும் தண்ணீரில் போட்டு முகம் கழுவுகிறார்கள். முட்டையின் நிறம் கன்னத்தில் ஏறி, வருடம் முழுக்க நோய்நொடி அண்டக்கூடாது என்பதற்காக. இதையெல்லாம் படிக்காமல் அட்டை போட உட்கார்ந்ததுதான் என் தவறு. பிற மக்களின் வழக்காற்றைத் தொடும் நண்பர்களுக்காக இதை எழுதுகிறேன்.

அப்புறம் மர்ட்ஸிஷோர். மார்ச் 1 அன்று சிவப்பும் வெள்ளையுமாக முறுக்கிய நூலை ஒருவருக்கொருவர் கொடுத்து, கையிலோ நெஞ்சிலோ அணிவார்கள். மாதக் கடைசியில், அல்லது மரம் பூத்ததும், கழற்றிக் கிளையில் கட்டுவார்கள். ருமேனியா, மால்டோவா, பல்கேரியா, வட மாசிடோனியா நான்குக்கும் பொதுவான இந்த மார்ச் வழக்கத்தை யுனெஸ்கோ 2017இல் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. சூரியனைச் சிறைமீட்கப் போய்க் காயப்பட்ட இளைஞனின் ரத்தம் பனியில் விழ, அங்கே பனிப்பூ முளைத்தது என்று அதற்கொரு கதை. இங்கே சிவப்பு தனியாக நிற்பதில்லை, கூடவே வெள்ளை வேண்டும். எனக்குச் சிக்கல் அங்கேதான். வெள்ளைத் தாளில் வெள்ளை நூல் எப்படித் தெரியும்? அத்தியாயத் தொடக்கப் பக்கங்களில் மட்டும் லேசான சாம்பல் தளம் போட்டு, வெள்ளை இழையைத் தாளாகவே விட்டுவிட்டேன்.

அடுத்து, சிவப்பை அச்சில் கொண்டுவருவது. நாலு கலரில் சிவப்பு என்பது மெஜந்தாவும் மஞ்சளும் சேர்ந்தது; ஒவ்வொன்றுக்கும் ஒரு அச்சுத் தகடாக இரண்டு பிளேட். முடி அளவு நகர்ந்தாலும் மெல்லிய கோட்டின் ஒரு பக்கம் மஞ்சளாகவும் மறுபக்கம் ரோஸாகவும் பிதுங்கும். பெரிய படத்தில் அது கண்ணில் படாது. நூலே கதாநாயகனாக இருக்கும் புத்தகத்தில் ஒவ்வொரு பக்கத்திலும் உறுத்தும். அதனால் உள்பக்கங்களுக்குக் கறுப்பும், தனியாகக் கலக்கிய ஒரு சிவப்பு மையும் என்று இரண்டே நிறம். துணி, முட்டைப் படங்களை மட்டும் வழவழப்பான ஆர்ட் பேப்பரில் 16 பக்கத் தனிக் கட்டாக (ஃபாரம்) பிரித்து நாலு கலரில் அடித்தோம்.

எந்தச் சிவப்பைக் கலக்குவது? ருமேனியாவில் கம்பளிக்குச் சாயமேற்றிய செடிகளில் ஒன்று ரோய்பா. நம் மஞ்சிட்டிக்கு உறவு, வேர்தான் சாயம். செங்கல் பக்கம் சாய்ந்த வெதுவெதுப்பான சிவப்பு அது. லிப்ஸ்டிக் சிவப்பு கிடையாது. திரையில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பளபளப்புப் பூச்சில்லாத மேப்லித்தோ தாள் மையைக் குடித்து நிறத்தை மங்கவைக்கும். அச்சாகப்போகும் அதே தாளில் மாதிரி எடுத்து, டியூப்லைட்டில் இல்லாமல் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். நான் மூன்று முறை கலக்கச் சொன்னேன்.

இதைவிடச் சின்னது, ஆனால் இதைவிடப் பெரிய ஆபத்து எழுத்தில் இருக்கிறது. ருமேனிய மொழியில் சிவப்பு 'ரோஷு'. அந்த ஷகரத்துக்கு அவர்கள் எழுதும் s-இன் அடியில், எழுத்தோடு ஒட்டாமல், ஒரு கமா தொங்கும். துருக்கி எழுத்தில் வருவது போல ஒட்டிய கொக்கி அன்று. கணினியில் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடு இந்த இரண்டையும் தனித்தனியாகப் பிரித்தது 1999இல்தான். பழைய எழுத்துருக்கள் பலவற்றில் கொக்கிதான் இருக்கும். சிலவற்றில் அந்த ஒரு எழுத்து மட்டும் வேறு எழுத்துருவிலிருந்து வந்து உட்காரும். கமாவே விட்டுப்போனால் இன்னும் மோசம்: 'பெஷ்தே' என்றால் மீன், 'பெஸ்தே' என்றால் மேலே. என் முதல் ப்ரூஃபில் புத்தகத்தின் பெயரிலேயே கொக்கி இருந்தது. எனக்குத் தெரியவில்லை, ஆசிரியர் ஒரு நொடியில் விரல் வைத்தார். மொழி தெரிந்த ஒருவர் கடைசி ப்ரூஃபை, முக்கியமாக அட்டையையும் முதுகையும், பார்க்காமல் பிளேட்டுக்கு அனுப்பாதீர்கள்.

பக்க அடையாளத்துக்கு வழக்கமான நைலான் ரிப்பனை வைத்து முதுகில் ஒட்டிவிடலாம் என்று பைண்டிங்கில் சொன்னார்கள். நான் சிவப்பும் வெள்ளையுமான பருத்தி நூலை முறுக்கி, ஒட்டாமல், பக்கங்களுக்கிடையே சும்மா வைக்கச் சொன்னேன். மணிக்கட்டைச் சுற்றி முடிச்சுப்போட எவ்வளவு வேண்டுமோ, அவ்வளவு நீளம்.