படுக்கைப் புண்ணுக்குக் காரணம் சூடு அல்ல

பக்கவாதமோ இடுப்பெலும்பு முறிவோ வந்து படுத்துவிட்ட பெரியவர்களை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் குடும்பங்களுக்காக, ஒரு தாதியாக (நர்ஸாக) இதை எழுதுகிறேன். மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டங்களிலிருந்தும், தோட்டத்தை விட்டு வெளியேறி மலிவு விலை வீடுகளில் குடியேறிய குடும்பங்களிலிருந்தும் எங்களிடம் வருவது பெரும்பாலும் ஒரே வகைப் புண்தான். வால் எலும்பின் மேல், உள்ளங்கை அகலத்துக்கு, உள்ளே எலும்பு தெரியும் அளவுக்கு ஆழமாகிவிட்ட பிறகுதான் அது வருகிறது. அண்மையில் வந்த ஒரு பாட்டிக்குப் புண்ணைச் சுற்றி வட்டமாக ஒரு கறுத்த தடமும் இருந்தது. மோட்டார் சைக்கிள் டியூபில் காற்றடித்து, பழைய துணியைச் சுற்றி, அதன் நடுவில் இடுப்பை வைத்துப் படுக்கவைத்திருக்கிறார்கள். புண்ணின் மேல் மஞ்சளும் முகப்பவுடரும் காமாட் (கடல் அட்டை) எண்ணெயும் அடுக்கடுக்காகக் காய்ந்து கெட்டித்திருந்தன. சலைன் (உப்பு) நீர் ஊற்றி ஊறவைத்து, கொஞ்சம் கொஞ்சமாக எடுத்த பிறகே அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்க முடிந்தது. அருகில் நின்ற மருமகள், "எல்லாம் போட்டுப் பாத்துட்டேன் மிஸ்ஸி, சூடு எறங்கவே மாட்டேங்குது" என்றார். அந்தப் பெண் மீது எனக்குத் துளியும் கோபமில்லை. மாமியாரை அவர் பொறுப்பாகத்தான் பார்த்திருக்கிறார். அவரிடம் சரியான விஷயத்தை யாரும் எடுத்துச் சொல்லவில்லை என்பதில்தான் எனக்குக் கோபம்.

படுக்கைப் புண் உடல் சூட்டினால் வருவதல்ல. இதை வார்டிலும் வீட்டு வாசலிலும் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது என்றாலும் மறுபடியும் சொல்கிறேன். இளநீர் கொடுத்தால் அது வராமல் இருக்காது. வெந்தயம் ஊறவைத்துக் கொடுத்தாலும், மின்விசிறியை இரவு முழுவதும் ஓடவிட்டாலும் வராமல் இருக்காது. எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவில் சதை மணிக்கணக்கில் நசுங்கிக் கிடக்கிறது, அந்த இடத்துக்கு ரத்தம் போகவில்லை, சதை சாகிறது. முதன்மைக் காரணம் அழுத்தம்தான். வியர்வையும் சிறுநீரும் தோலை ஊறவைத்து வேலையை விரைவுபடுத்தும். ஆனால் அழுத்தத்தை எடுக்காமல் வியர்வையை மட்டும் துடைத்துக்கொண்டிருந்தால் புண் நிற்காது. மேலும், ஆழமான புண்களில் சதை முதலில் சாவது பெரும்பாலும் எலும்பை ஒட்டிய இடத்தில்தான். வெளித்தோல் நன்றாக இருக்க உள்ளே வண்டு குடைந்த மாம்பழத்தைப் போல, நீங்கள் மேலே சிறு கொப்புளத்தைப் பார்க்கும் நாளில் உள்ளே பெரும்பகுதி போயிருக்கும். தோலுக்கு மேலே தடவும் மஞ்சள் அங்கே எப்படிப் போய்ச் சேரும்?

மேற்பூச்சை நம்பும் பழக்கத்தைத் தோட்டத்து மக்கள் தாமாகக் கண்டுபிடிக்கவில்லை என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் பிரிட்டிஷ் முறையில் பயின்ற தாதியரே நோயாளியின் முதுகில் சோப்பும் ஸ்பிரிட்டும் தேய்த்துப் பவுடர் போடுவதைக் கடமையாகச் செய்தார்கள். அந்தப் பழக்கத்தை ஆராய்ச்சிக்கு உட்படுத்தியவரும் ஒரு தாதிதான். டோரீன் நார்ட்டன் என்ற ஆங்கிலேயத் தாதி, மெக்லாரன், எக்ஸ்டன்-ஸ்மித் என்ற இருவருடன் சேர்ந்து லண்டனில் முதியோர் வார்டு நோயாளிகளை ஆராய்ந்து 1962இல் வெளியிட்ட அறிக்கை, தாதிமைத் துறையின் முன்னோடி ஆராய்ச்சிகளில் ஒன்று. அடிக்கடி புரட்டிப் படுக்கவைக்கப்பட்டவர்களுக்குப் புண் குறைவாக வந்தது என்பதை அது காட்டியது. உடல்நிலை, மனத்தெளிவு, நடமாட்டம், படுக்கையில் அசையும் திறன், மலசலக் கட்டுப்பாடு ஆகிய ஐந்துக்கும் மதிப்பெண் போட்டு, மொத்தம் 20க்கு 14 அல்லது அதற்குக் கீழே இருப்பவரை ஆபத்தில் உள்ளவராகக் கொள்ளும் நார்ட்டன் அளவீடும் அந்த ஆராய்ச்சியிலிருந்து வந்ததே. 1987இல் பார்பரா பிரேடனும் நான்சி பெர்க்ஸ்ட்ரமும் வெளியிட்ட பிரேடன் அளவீடு இன்று உலகெங்கும் பயன்படுகிறது. அவர்களும் தாதியரே. எங்கள் துறையில் நீண்ட நாளாகச் சொல்லிவருவது ஒன்று உண்டு: படுக்கைப் புண்ணின் மேல் எதை வேண்டுமானாலும் வைக்கலாம், நோயாளியை மட்டும் வைக்கக்கூடாது.

டியூப், வளையத் தலையணை, தண்ணீர் நிரப்பிய கையுறை ஆகியவற்றை இன்றே எடுத்துவிடுங்கள். நடுவில் ஓட்டை இருப்பதால் புண்ணுக்கு ஓய்வு கிடைக்கும் என்று நினைக்கிறீர்கள். உண்மையில் உடலின் பாரம் முழுவதும் வளையத்தின் விளிம்பில் இறங்கி, நடுப்பகுதிக்கு வரும் ரத்தத்தையும் சுற்றி நெருக்குகிறது. அந்தப் பாட்டியின் இடுப்பில் இருந்த கறுத்த வட்டம் அப்படி வந்ததுதான். சிவந்த இடத்தை எண்ணெய் விட்டுத் தேய்ப்பதையும் நிறுத்துங்கள். ஏற்கெனவே காயப்பட்ட சதையைத் தேய்த்தால் இன்னும் கிழியும்.

சிவந்த இடம் என்று சொன்னேன். நம் தோலில் அது சிவப்பாகத் தெரியாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பாடப்புத்தகப் படங்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோலில் எடுக்கப்பட்டவை. கருநிறத் தோலில், தோல் இன்னும் கிழியாத முதல் நிலைப் புண் ஊதாவாகவோ சுற்றியுள்ள தோலைவிடக் கறுத்தோ தெரியும், சில வேளைகளில் நிறத்தில் எதுவுமே தெரியாது. ஆகவே கண்ணை மட்டும் நம்பாமல் கையால் பாருங்கள். குளிப்பாட்டும்போது வால் எலும்பு, இரு இடுப்புப் பக்கங்கள், குதிகால், கணுக்கால், தோள்பட்டை, பின்தலை ஆகிய இடங்களில் புறங்கையை வையுங்கள். பக்கத்துத் தோலைவிடச் சூடாகவோ குளிர்ந்தோ, கெட்டியாகவோ கொழகொழவென்றோ இருந்தாலும், தொட்டால் அவர் முகம் சுளித்தாலும் அந்த இடத்தில் ஆரம்பித்துவிட்டது என்று பொருள். நீரிழிவுக்காரருக்கு வலி தெரியாமல் போகலாம். 2019ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வில் 18 வயது நிறைந்த மலேசிய இந்தியரில் 31.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு குதிகாலை மறக்காமல் பாருங்கள்.

புரட்டுவது எப்படி என்பதற்கு வருகிறேன். நேராகப் பக்கவாட்டில் படுக்கவைத்தால் இடுப்பெலும்பின் முனை அழுந்தும். தோளிலிருந்து இடுப்பு வரை முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணையைச் செருகி, பாதி திரும்பிய நிலையில் சாய்த்து வையுங்கள்; பிறகு உங்கள் கையை வால் எலும்புக்கு அடியில் விட்டுப் பாருங்கள், அது மெத்தையில் அழுந்தாமல் இருக்க வேண்டும். கெண்டைக்காலுக்கு அடியில் நீளவாக்கில் இன்னொரு தலையணை வைத்தால் குதிகால் மெத்தையில் படாமல் நிற்கும். மேலே ஏற்றிப் படுக்கவைக்கும்போது அக்குளைப் பிடித்து இழுக்காதீர்கள். தோல் மெத்தையோடு ஒட்டிக்கொண்டிருக்க எலும்பு மட்டும் நகர்ந்து உள்ளே ரத்தக் குழாய்கள் கிழிகின்றன. தோளிலிருந்து தொடை வரை ஒரு பழைய கைலியை விரித்துவைத்து, இருவர் இரு ஓரத்தையும் சுருட்டிப் பிடித்துத் தூக்கி நகர்த்துங்கள். உங்கள் இடுப்பும் பிழைக்கும். சாப்பாட்டு நேரம் தவிர மற்ற நேரத்தில் தலைப்பக்கத்தை 30 டிகிரிக்கு மேல் உயர்த்த வேண்டாம், உடல் வழுக்கிக்கொண்டே போகும். சாப்பிட்ட உடனே தட்டையாகக் கிடத்தாமல் அரை மணி நேரமாவது நிமிர்த்தி வைத்திருங்கள்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும் என்று சொன்னவுடன் பிள்ளைகள் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் இருக்க, தனியாக ஒரு பெண் பார்த்துக்கொள்ளும் வீட்டில் அவர் முகம் வாடுவதைப் பார்த்திருக்கிறேன். அவருக்காகவே இதைச் சொல்கிறேன். பெர்க்ஸ்ட்ரம் குழுவினர் அமெரிக்காவிலும் கனடாவிலும் முதியோர் இல்லங்களில் 942 பேரிடம் நடத்தி 2013இல் வெளியிட்ட ஆய்வில், அடர்த்தியான ஃபோம் மெத்தையில் படுத்தவர்களை 2, 3, 4 மணி நேரத்துக்கு ஒருமுறை என எப்படிப் புரட்டினாலும் புண் வரும் அளவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. எனவே நல்ல ஃபோம் மெத்தை இருந்து, தோலும் நன்றாக இருந்தால், இரவில் இடைவெளியைக் கூட்டிக்கொண்டு நீங்களும் தூங்கலாமா என்று எங்களிடம் கேளுங்கள். அமுங்கித் தட்டையாகிப்போன கெக்காபு (இலவம் பஞ்சு) மெத்தைக்கு இந்தச் சலுகை கிடையாது. காற்று மெத்தை வாங்கிவிட்டதால் புரட்டத் தேவையில்லை என்பதும் தவறு. அதன் மேல் பிளாஸ்டிக் விரிப்பு, கம்பளி, மடித்த கைலி என்று அடுக்கினால் அதற்குக் கொடுத்த காசு வீண்.

சாப்பாட்டு விஷயத்தில் ஒரே ஒரு வேண்டுகோள். புண் சீழ் பிடிக்கும் என்று பயந்து முட்டை, மீன், கோழி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு வெறும் கஞ்சி கொடுக்கிறார்கள். புண் ஆறுவதற்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 1.25 முதல் 1.5 கிராம் வரை புரதம் வேண்டும். 50 கிலோ எடையுள்ள பாட்டிக்கு அது ஏறக்குறைய 62 முதல் 75 கிராம். ஒரு முட்டையில் இருப்பதே சுமார் 6 கிராம்தான். பத்தியம் வேண்டாம், கொடுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கு மட்டும் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

"ஆஸ்பத்திரியிலேயே ஏன் இதைச் சொல்லித் தரவில்லை?" என்று கேட்பவர்களுக்கு மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும். பியட்ரிஸ் கேலிஷ் என்ற அமெரிக்கத் தாதிமை ஆராய்ச்சியாளர் 2006இல், வார்டில் அடிக்கடி விடுபட்டுப்போகும் வேலைகள் எவை என்று தாதியரிடமே கேட்டு எழுதினார். நோயாளியைப் புரட்டுவது, நடக்கவைப்பது, உணவூட்டுவது, நோயாளிக்குச் சொல்லிக்கொடுப்பது, வீட்டுக்கு அனுப்பும்போது செய்ய வேண்டிய ஏற்பாடு ஆகியவை அந்தப் பட்டியலில் இருந்தன. ஆள் பற்றாக்குறை அதற்கான முதன்மைக் காரணங்களில் ஒன்று. லிண்டா ஐக்கன் குழுவினர் பென்சில்வேனியா மருத்துவமனைகளை ஆராய்ந்து 2002இல் வெளியிட்ட கட்டுரையில், அறுவைச் சிகிச்சை வார்டுகளில் ஒரு தாதிக்குக் கூடுதலாக ஒரு நோயாளி சேரும் ஒவ்வொரு முறையும் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 விழுக்காடு கூடுவதாகக் கணக்கிட்டார்கள். இரவுப் பணியில் மருந்து கொடுப்பதும் ஊசி போடுவதும் பதிவேட்டில் இருப்பதால் எப்படியும் நடந்துவிடுகின்றன. அரை மணி நேரம் உட்கார்ந்து மருமகளுக்குக் கைலி பிடிக்கக் கற்றுக்கொடுப்பது விடுபட்டுப்போகிறது. இது தாதியரின் சோம்பலால் வருவதில்லை. எங்கள் பணிநேரத்தையும் ஆள்பலத்தையும் பற்றிப் பேசும் ஒவ்வொரு முறையும் நாங்கள் சம்பளத்துக்காக மட்டும் பேசுவதாக நினைக்காதீர்கள்; உங்கள் வீட்டுப் பெரியவரின் முதுகும் அந்தப் பேச்சில் இருக்கிறது.

ஆகவே டிஸ்சார்ஜ் சீட்டை வாங்கிக்கொண்டு உடனே கிளம்பாதீர்கள். எப்படிப் புரட்டுவது என்று காட்டச் சொல்லுங்கள், பிறகு எங்கள் கண்முன்னே நீங்கள் ஒருமுறை செய்து காட்டுங்கள். எங்களுக்கு நேரமில்லை என்று தெரிந்தாலும் கூச்சப்படாமல் கேளுங்கள். அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குகள் வழியாகத் தாதியர் வீட்டுக்கே வந்து பார்க்கும் சேவை இருக்கிறது; அதற்கு மருத்துவமனையிலிருந்து எழுதி அனுப்பச் சொல்லுங்கள். படுத்த படுக்கையாக இருப்பவரைப் பராமரிப்பவருக்குச் சமூக நல இலாகாவில் மாத உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம், அதற்கான பாரத்தில் மருத்துவர் கையெழுத்தையும் அன்றே வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டில் தோல் உரிந்திருந்தால், கொப்புளம் இருந்தால், எதையும் தடவாமல் கிளினிக்குக்கு வாருங்கள். புண் கறுத்தாலோ நாற்றம் வந்தாலோ காய்ச்சல் அடித்தாலோ அவர் திடீரென்று பேச்சுக் குழறினாலோ, ஞாயிற்றுக்கிழமை, தீபாவளி என்று பார்க்காமல் அவசரப் பிரிவுக்குக் கொண்டுவாருங்கள். காரில் உட்காரவைத்துக் கொண்டுவர வேண்டாம். 999ஐ அழைத்து, படுத்த நிலையிலேயே கொண்டுவாருங்கள்.