செட்டில்மெண்ட்: எழுதிவைப்பதா, எழுதிக்கொடுப்பதா?

மயிலாப்பூரிலோ சைதாப்பேட்டையிலோ பத்திர எழுத்தரிடம் போய், "வீட்டைப் பையன் பேருக்கு மாத்தணும்" என்று சொன்னால், "உயிலா, செட்டில்மெண்டா?" என்று கேட்பார். உயில் எல்லாருக்கும் தெரியும். செட்டில்மெண்ட் என்றால் என்ன என்பது பலருக்குக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் புரிகிறது.

இருக்கை என்ற பொருளுள்ள பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது 'செட்டில்'. ஒருவரை ஓரிடத்தில் அமர்த்துவது என்று தொடங்கி, சொத்தை ஒருவர் பேரில் நிலைநிறுத்துவது வரை அதன் பொருள் வளர்ந்தது. 'பொண்ணு துபாயில செட்டில் ஆயிட்டா' என்பதும் அதே வேர்தான். குடும்பத்தாருக்கோ தன்னை நம்பி இருப்பவருக்கோ அறக்காரியத்துக்கோ, உயிலாக அல்லாமல் சொத்தை எழுதித்தரும் ஆவணம் என்கிறது 1899 முத்திரைச் சட்டம்.

'உயிலாக அல்லாமல்' என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. உயிலை, எழுதியவர் இருக்கும்வரை மாற்றலாம், கிழித்தும் போடலாம். செட்டில்மெண்டில் உரிமை உடனே கைமாறிவிடும். "உன்பேரில் எனக்குள்ள அன்பினாலும் பிரியத்தினாலும்" என்று கனிவாகத் தொடங்கும் பத்திரத்தில், "எக்காலத்திலும் எக்காரணம் கொண்டும் ரத்து செய்யமாட்டேன்" என்றும் ஒரு வரி இருக்கும். பெற்றோருக்கு அந்த வரியை நிறுத்தி வாசித்துக் காட்டவேண்டும்.

நம் பேச்சுத் தமிழ் இந்த வேறுபாட்டை அழகாகப் பிடித்து வைத்திருக்கிறது. உயில் என்றால் 'எழுதிவைத்தார்'. செட்டில்மெண்ட் என்றால் 'எழுதிக்கொடுத்தார்'. வைத்தது பின்னால் எடுத்துக்கொள்வதற்கு, கொடுத்தது கொடுத்ததுதான்.

தமிழ்நாட்டில் பிள்ளைகளுக்கு எழுதினால் முத்திரைத் தீர்வை சந்தை மதிப்பில் 1 சதவீதம்; 2023 ஜூலையிலிருந்து உச்சவரம்பு 40,000 ரூபாய். பதிவுக் கட்டணமும் 1 சதவீதம், 10,000 ரூபாய்க்கு மேல் போகாது.

வழக்கில் உள்ள 'தான செட்டில்மெண்ட்' எனக்கு உவப்பான பெயர் இல்லை. தானம் என்றாலே கொடுத்தவர் கையை உதறிவிட்டார் என்ற தொனி வந்துவிடுகிறது. அதைவிட 'ஏற்பாட்டு ஆவணம்' பொருத்தம். ஏற்பாட்டில் 'ஏற்றல்' இருக்கிறது. 1882 சொத்து மாற்றச் சட்டப்படி, கொடுப்பவர் உயிரோடு இருக்கும்போதே பெறுபவர் ஏற்றுக்கொண்டால்தான் கொடை செல்லும். பைபிளின் 'பழைய ஏற்பாடு, புதிய ஏற்பாடு' என்பதிலும் இரு தரப்புக்கும் இடையிலான உடன்படிக்கை என்ற பொருள் உண்டு. ஏற்பாடு என்றால் எழுதிக்கொடுத்த பெற்றோருக்கும் அதில் ஓர் இடம் இருக்கவேண்டும்.

சட்டமும் அந்த இடத்தைத் தருகிறது. பராமரிக்கவேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த வீட்டை, பிள்ளைகள் கவனிக்காமல் விட்டால் ரத்து செய்யக் கேட்கலாம் என்கிறது 2007 மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23ஆம் பிரிவு. கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்கலாம். நிபந்தனை இருந்தாக வேண்டும் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பிந்தைய தீர்ப்புகள் சற்றுத் தாராளமாகப் பார்த்திருக்கின்றன; அவற்றை நம்பி, பராமரிப்பு நிபந்தனையைப் பத்திரத்தில் எழுதாமல் விட்டுவிடக் கூடாது.

"ஆயுள் உள்ளவரை வசிக்கவும் வாடகை பெறவும் உரிமை எங்களுக்கே" என்றும் சேர்க்கலாம். வீடு அப்பா பேரில் மட்டும் இருந்தாலும் அங்கே 'எங்கள் இருவர் ஆயுள்' என்றே எழுதச் சொல்லுங்கள். 'என் ஆயுள்' என்று எழுதினால் அவர் காலத்துக்குப் பின் அம்மாவுக்கு அந்தப் பத்திரத்தில் எதுவும் இருக்காது.