தரக் கட்டுப்பாடு: வாய் நுண்ணுயிர் ஆய்வகத்தில் ‘கண்ட்ரோல்’ எதைக் குறிக்கிறது?

ஈறு நோய் உள்ள ஒருவரின் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே உள்ள பள்ளத்திலிருந்து மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். அதை அகார் (கிருமிகளை வளர்க்கும் கூழ்) தட்டில் தேய்த்து, ஆக்சிஜன் இல்லாத ஜாடியில் ஒரு வாரத்துக்கு மேல் வைத்திருந்து திறந்து பார்த்தால், கருநிறக் காலனி (கிருமித் திரள்) ஒன்றுகூட இல்லை. ஈறு நோயோடு தொடர்புள்ள, கருநிறக் காலனியாக வளரும் கிருமியைப் பற்றி ‘போர்ஃபிரோமோனாஸ் ஜின்ஜிவாலிஸ் காணப்படவில்லை’ என்று அறிக்கை எழுதிவிடலாமா? அந்தக் கிருமி உண்மையிலேயே அவர் வாயில் இல்லாமல் இருக்கலாம். ஜாடிக்குள் காற்று கசிந்து செத்துப் போயிருக்கலாம். அதற்கு வேண்டிய ஹீமினும் வைட்டமின் கே-யும் அகாரில் சேராமல் போயிருக்கலாம். மூன்றில் எது நடந்திருந்தாலும் தட்டு ஒரே மாதிரி வெறுமையாகத்தான் இருக்கும்.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்கச் செய்யும் வேலைக்குத்தான் ‘குவாலிட்டி கண்ட்ரோல்’ என்று பெயர். ஆய்வகப் பேச்சில் ‘க்யூசி’. தமிழில் ‘தரக் கட்டுப்பாடு’ என்பது நிலைத்துவிட்டது. அந்தப் பெயரோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அதற்குள் இருக்கும் ‘கண்ட்ரோல்’ என்ற சொல்லை ஆய்வகத்துக்குள் எல்லா இடத்திலும் ‘கட்டுப்பாடு’ என்றே பெயர்க்கும்போது பொருள் தவறிப் போகிறது.

முதலில் ‘தரம்’. ‘குவாலிட்டி’யின் வேர் ‘குவாலிட்டாஸ்’ என்ற லத்தீன் சொல். ‘எத்தகைய’ என்று கேட்கும் ‘குவாலிஸ்’ என்ற சொல்லிலிருந்து, கிரேக்கத் தத்துவச் சொல் ஒன்றுக்கு ஈடாக ரோமானிய அறிஞர் சிசரோ உருவாக்கியது. தமிழில் ‘தரம்’ என்பது வகை, படிநிலை, தகுதி ஆகியவற்றைக் குறிக்கும். சோழர் காலக் கல்வெட்டுகளில் நிலத்தைத் தரம் பிரித்து வரி விதித்ததையும், தரம் பிரிக்காத நிலத்தைத் ‘தரமிலி’ என்றதையும் காணலாம். இந்தப் பாதி மொழிபெயர்ப்பு நன்றாகவே பொருந்துகிறது.

சிக்கல் ‘கண்ட்ரோல்’ சொல்லில்தான். கண்ட்ரோல் என்றதும் நமக்கு அடக்குவது நினைவுக்கு வருகிறது. ‘கட்டுப்பாடு’ என்பதும் அதையே சொல்கிறது. கட்டுப்படு என்ற வினையில் ‘படு’ நீண்டு ‘பாடு’ ஆனது. கட்டுக்குள் நிற்பது என்று பொருள். ஆனால் அந்தச் சொல் பிறந்த இடம் வேறு. இடைக்கால லத்தீனில் ‘கான்ட்ரா ரோட்டுலுஸ்’ என்றால் எதிர்ச்சுருள். அன்றைக்குக் கணக்குகளைத் தோல்சுருளில் எழுதினார்கள். அதே கணக்குக்கு இன்னொரு சுருளும் எழுதிவைத்து, இரண்டையும் ஒத்துப் பார்த்துப் பிழையைப் பிடித்தார்கள். அது பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் ‘கண்ட்ரோல்’ ஆனது. முதலில் இருந்த பொருள் ஒத்துப் பார்ப்பது. அடக்குவது என்ற பொருள் அதிலிருந்து கிளைத்தது.

இதைத் தெரிந்துகொண்டு ஆய்வகத்துக்குள் மறுபடி போய்ப் பாருங்கள். நோயாளியின் தட்டு வைக்கும் அதே ஜாடியில், அடையாளம் உறுதியான ஜின்ஜிவாலிஸ் இனவகை ஒன்றைத் தேய்த்த தட்டையும் வைக்கிறார்கள். ஏடிசிசி என்ற அமெரிக்க நுண்ணுயிர்ச் சேமிப்பகத்தின் 33277 என்ற எண் கொண்டது இதற்குப் பலரும் வைத்திருக்கும் இனவகை. அது வளர்ந்து கறுத்தால் ஜாடியும் அகாரும் சரி. நோயாளியின் வெறுந்தட்டை நம்பத் தொடங்கலாம். அது வளராவிட்டால் நோயாளியின் தட்டு எதையும் சொல்லவில்லை என்றே கொள்ள வேண்டும். அந்தத் தட்டு எதையும் ‘கட்டுப்படுத்தவில்லை’. அது எதிர்ச்சுருள், அவ்வளவுதான்.

எதிர்ச்சுருளே பிழையாகிவிடும் அபாயமும் உண்டு. படியெடுத்ததிலிருந்து மறுபடி படியெடுத்துக்கொண்டே போனால் எழுத்து மாறுவதுபோல, ஓர் இனவகையைத் தட்டிலிருந்து தட்டுக்கு மாற்றி வளர்த்துக்கொண்டே போனால் அதன் குணம் மாறக்கூடும். அதனால்தான் மூல வளர்ப்பைக் கிளிசராலில் இட்டு மைனஸ் 80 டிகிரியில் உறையவைத்து, அதிலிருந்து சில முறை மட்டுமே மறுவளர்ப்பு செய்கிறார்கள்.

இதற்கு நேர் எதிராக, வளரவே கூடாத ஒப்பும் (ஒத்துப் பார்க்கும் தட்டும்) ஒன்று தேவை. அதன் அருமை பற்சொத்தைக் கிருமியைத் தேடும்போது தெரியும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸை எண்ணுவதற்கு, சர்க்கரையும் பாசிட்ராசின் என்ற கிருமிக்கொல்லி மருந்தும் சேர்த்த மைட்டிஸ் சலைவேரியஸ் அகாரைப் பயன்படுத்துகிறார்கள். மற்ற வாய் ஸ்ட்ரெப்டோகாக்கஸ்களைத் தடுப்பது அந்த பாசிட்ராசின்தான். தட்டு பழசாக ஆக அதன் வீரியம் குறையும். அப்போது தடுக்கப்பட வேண்டியவையும் முளைத்து, மியூட்டன்ஸ் கணக்கில் சேர்ந்துவிடும். 1 மில்லி உமிழ்நீரில் 1 லட்சம் என்ற அளவைத் தாண்டினால் சொத்தை அபாயம் அதிகம் என்று வகைப்படுத்தும் பரிசோதனைகள் உண்டு. பழைய தட்டால் எண்ணிக்கை ஏறி, ஒரு குழந்தை அந்தப் பட்டியலில் சேர்ந்தால் அதற்கு யார் பொறுப்பு? எனவே பாசிட்ராசினைத் தாங்காத இனவகை ஒன்றையும் தேய்த்து, அது வளராமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எதையும் தேய்க்காத தட்டு ஒன்றையும் கூடவே அடைகாக்க வைப்பார்கள். அதில் ஏதாவது முளைத்தால் அகாரே அசுத்தம்.

கிருமியின் டிஎன்ஏவைப் பல மடங்கு பெருக்கிக் கண்டுபிடிக்கும் பிசிஆர் முறையில், மாதிரி எதுவும் சேர்க்காத இந்த வெற்று ஒப்பு இன்னும் முக்கியம். மனித வாய்களில் 700க்கும் மேற்பட்ட பாக்டீரியா இனங்கள் கண்டறியப்பட்டுள்ளன. சோதனை செய்பவருக்கும் வாய் இருக்கிறது. அவர் பேசும்போது தெறிக்கும் துளியிலும் அவை இருக்கும்.

எண்களை வைத்துத் தரம் பார்க்கும் கிளைக்குத் தனி வரலாறு உண்டு. அமெரிக்கப் புள்ளியியலாளர் வால்டர் ஷூஹார்ட் 1924இல் தொழிற்சாலை உற்பத்திக்காக முதல் ‘கண்ட்ரோல் சார்ட்’டை வரைந்தார். ஜே. கிலியன் கிளார்க் மியூட்டன்ஸ் கிருமிக்குப் பெயரிட்டு விவரித்ததும் அதே 1924தான். இந்தத் தற்செயல் எனக்கு மிகவும் பிடித்தது. 1950இல் லெவியும் ஜென்னிங்ஸும் அந்த வரைபடத்தை மருத்துவ ஆய்வகத்துக்குக் கொண்டுவந்தார்கள். இங்கேயும் செய்வது ஒப்பிடுவதைத்தான்: இன்றைய அளவை இதுவரையிலான சராசரியோடு வைத்துப் பார்ப்பது.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? வேலை முழுவதையும் குறிக்கத் ‘தரக் கட்டுப்பாடு’ இருக்கட்டும். ஆய்வகத்தின் மொத்த ஒழுங்கையும் உள்ளடக்கும் பெரிய ஏற்பாட்டுக்குத் ‘தர உறுதிப்பாடு’ என்ற வேறு சொல் இருக்கிறது. இரண்டையும் கலக்காமல் இருந்தால் போதும். ஆனால் ‘பாசிட்டிவ் கண்ட்ரோல்’ என்பதை ‘நேர்மறைக் கட்டுப்பாடு’ என்று எழுதினால் படிப்பவருக்கு ஒன்றும் புரியாது. அச்சுக்கூடத்தில் மூலத்தோடு படியை வைத்துச் சரிபார்ப்பதை ‘ஒப்புநோக்குதல்’ என்கிறோம். எதிர்ச்சுருளின் வேலையும் அதுவே. ஆகவே ‘ஒப்புநோக்கு மாதிரி’, சுருக்கமாக ‘ஒப்பு’.

இன்னும் பழைய சொல்லும் நம்மிடம் உண்டு. பொன்னை உரைகல்லில் உரைக்கும்போது, மாற்றுத் தெரிந்த ஓர் ஊசியையும் பக்கத்தில் உரைத்து இரண்டு கீற்றுகளையும் ஒப்பிடுவார்கள். அந்த ஊசிக்கு ‘உரையாணி’ என்று பெயர். ஆய்வகத்தின் உறைநிலைப் பெட்டியில் இருக்கும் இனவகைக்கு இதைவிடப் பொருத்தமான உவமை எனக்குத் தெரியவில்லை. அன்றாடப் பயன்பாட்டுக்கு ‘ஒப்பு’ எளிது. அதை வைத்து நாட்குறிப்பு எழுதினால் இப்படி வரும்: ‘வளர வேண்டிய ஒப்பு வளர்ந்தது, வளரக் கூடாத ஒப்பு வளரவில்லை, வெற்றுத் தட்டில் ஒன்றும் இல்லை, நோயாளியின் முடிவை வெளியிடலாம்.’