கேபியன்: அடியில்லாத கூடை

கோட்டை முற்றுகைகளைப் பற்றிய நூல்களில் வரும் 'கேபியன்' என்னும் சொல்லை 'மணல்மூட்டை' என்று பெயர்ப்பது பொருந்தாது. மூட்டை துணியால் ஆனது. கேபியனோ, வட்டமாக நட்ட குச்சிகளுக்கிடையே வளையும் மிலாறுகளைப் பின்னிச் செய்த, ஏறத்தாழ 3 அடி உயரமும் 2 அடி விட்டமும் உடைய, அடியும் மூடியும் இல்லாத கூடை. நெல் கொட்டி வைக்கும் தொம்பையை இடுப்பளவுக்குக் குறுக்கி அடியை அறுத்துவிட்டதாக எண்ணிக்கொள்ளலாம்.

லத்தீனில் கூண்டைக் குறித்த 'காவெயா' இத்தாலியத்தில் 'கப்பியா' ஆயிற்று. பெருமை காட்டும் ஈறு சேர்ந்து 'கப்பியோனே', அதாவது பெருங்கூண்டு, பிறந்தது. அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. ஆங்கிலத்தில் கூண்டைக் குறிக்கும் 'கேஜ்' என்ற சொல்லுக்கும் மூலம் அந்தக் 'காவெயா'தான்.

அடி இல்லாததற்குக் காரணம் உண்டு. வெறுங்கூடை ஒருவர் தூக்கக்கூடிய எடைதான். இருட்டில் அதைக் கொண்டுபோய் வரிசையாக நிறுத்தி, பின்னால் குனிந்து பதுங்குகுழி வெட்டுவோர் அள்ளிய மண்ணை அதற்குள்ளேயே கொட்டுவர். நிரம்பிய கூடை துப்பாக்கிக் குண்டைத் தாங்கும். பீரங்கிக் குண்டைத் தாங்க, அதற்கு முன்புறம் மேலும் பல அடி கனத்துக்கு மண் குவிய வேண்டும். கல்மதிலில் பட்ட குண்டு கற்சில்லுகளைத் தெறிக்கவிட்டு ஆட்களைக் கொல்லும். மண்ணோ குண்டை விழுங்கிவிடும். 1854-55இல் கிரீமியாவின் துறைமுக நகரான செவஸ்தபோலின் முற்றுகையின்போது தோத்லேபன் என்ற ரஷ்யப் பொறியாளர் எழுப்பிய மண்ணரண்கள் பகலில் சிதைந்தாலும் இரவில் மீண்டும் எழுந்தன. ஆயினும் மேலிருந்து விழும் வெடிகுண்டுகளுக்குக் கூடை வரிசை காப்பாகாது. அதற்கு மரக்கட்டைகளைப் பரப்பி மண் மூடிய கூரை தேவைப்பட்டது.

இதில் ஒரு வகை உருளைக் கூடை. பெரிய கூடையைப் படுக்கவைத்து, உள்ளே சுள்ளிக்கட்டுகளோ பஞ்சோ அடைத்து, குழி வெட்டிக்கொண்டு முன்னேறுவோர் தமக்கு முன்னால் உருட்டிச் செல்வர். 1863இல் அமெரிக்காவின் விக்ஸ்பர்க்கில் அப்படி நெருங்கிய ஒன்றை, டர்பன்டைனில் நனைத்த பஞ்சைத் துப்பாக்கிக் குண்டின் அடிக்குழியில் பொதிந்து சுட்டு, முற்றுகைக்குள்ளானவர்கள் எரித்துவிட்டனர்.

தமிழில் 'மண்கூடை' என்றால் மண் சுமக்கும் கூடை நினைவுக்கு வரும். சங்க நூல்கள் கூறும் 'ஞாயில்' மதிலின் நிலையான உறுப்பு, தூக்கி வைப்பதன்று. ஆகவே 'அரண்கூடை' என்பதே என் தேர்வு. கம்பிவலைக்குள் கல்லடுக்கி ஓடைக்கரையில் வைக்கும் இன்றைய கேபியனில் போர் இல்லை. அதற்குக் 'கற்கூடை' போதும்.