பத்து கிலோ கொழுப்பு போயும் சர்க்கரை ஏன் குறையவில்லை?

மளிகைக் கடையில் இருக்கும் 15 கிலோ எண்ணெய் டின்னை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் மூன்றில் இரண்டு பங்கு அளவு கொழுப்பை ஒருவரின் வயிற்றுத் தோலுக்கு அடியிலிருந்து உறிஞ்சி எடுத்துவிட்டால் என்ன ஆகும்? இடுப்பளவு குறையும், சரி. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் கூடவே இறங்கும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்போம்.

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் சாமுவேல் கிளைனின் குழு இதை நேரடியாகச் சோதித்து, 2004-இல் முடிவை வெளியிட்டது. உடல் பருமன் உள்ள 15 பெண்களுக்கு, இப்படிக் கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் லைபோசக்‌ஷன் செய்தார்கள். அவர்களில் 7 பேருக்கு இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் இருந்தது. அந்த ஏழு பேரிடமிருந்து சராசரியாக 10.5 கிலோவும், மற்றவர்களிடமிருந்து 9.1 கிலோவும் கொழுப்பு எடுக்கப்பட்டது. உடலின் மொத்தக் கொழுப்பில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அது.

இன்சுலின் எவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்பதை அவர்கள் அளந்த முறையைச் சொல்ல வேண்டும். இன்சுலினைச் சொட்டுச் சொட்டாக ரத்தக் குழாயில் ஏற்றுவார்கள். ரத்தச் சர்க்கரை இறங்கத் தொடங்கும். அது இறங்கிவிடாதபடி குளுக்கோஸையும் ஏற்றிக்கொண்டே, சில நிமிடங்களுக்கு ஒருமுறை ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். சர்க்கரையை ஒரே அளவில் நிறுத்திவைக்க நிறைய குளுக்கோஸ் தேவைப்பட்டால், இன்சுலின் சொல்வதை உடல் கேட்கிறது என்று பொருள். கொஞ்சமே போதும் என்றால் கேட்கவில்லை.

அறுவை முடிந்து 10 முதல் 12 வாரம் கழித்து மறுபடி அளந்தார்கள். தசையிலும் கல்லீரலிலும் இன்சுலினின் வேலை முன்பு இருந்தபடியே இருந்தது. சர்க்கரை, ரத்த அழுத்தம், ரத்தக் கொழுப்பு, அழற்சியைக் காட்டும் அளவுகள் எதிலும் குறிப்பிடத்தக்க மாற்றமில்லை. கொழுப்புச் செல்கள் சுரக்கும் லெப்டின் என்ற ஹார்மோன் மட்டும் குறைந்திருந்தது. சர்க்கரை நோய் இல்லாத பெண்களிடம் ஓரளவு முன்னேற்றம் கண்ட வேறு சில சிறிய ஆய்வுகளும் உண்டு. ஆனாலும் நோய் உள்ளவர்களிடமே இவ்வளவு நுணுக்கமாக அளந்த இந்த ஆய்வுக்குத்தான் நான் அதிக மதிப்பு கொடுப்பேன்.

ஏன் இப்படி? பழைய விவசாய வீடு ஒன்றை எண்ணிப் பாருங்கள். நெல் சேமிக்கக் குதிர்கள் இருக்கின்றன. அவை நிறைந்துவிட்டால் மீதி நெல்லை மூட்டை கட்டித் திண்ணையில், நடையில், கடைசியில் அடுப்படியிலும் அடுக்குவார்கள். அப்போதுதான் வீட்டில் வேலை ஓடாமல் போகிறது. நம் தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பு, குதிரில் இருக்கும் நெல். கல்லீரலிலும் தசையிலும் சேரும் கொழுப்பு, அடுப்படி மூட்டை. கல்லீரலில் கொழுப்பு ஏறினால், "சர்க்கரையை வெளியே விடாதே" என்று இன்சுலின் சொல்வதை அது காதில் வாங்காது.

லைபோசக்‌ஷன் சில குதிர்களை நெல்லோடு பெயர்த்து எடுத்துப் போய்விடுகிறது. மிச்சமிருக்கும் குதிர்கள் அதே அளவு பிதுங்கித்தான் நிற்கின்றன. அடுப்படி மூட்டையை யாரும் தொடவே இல்லை. சாப்பாட்டைக் குறைத்து மெலியும்போது நடப்பது வேறு: உடல் தன் சேமிப்பிலிருந்து எடுத்துச் செலவழிக்கிறது, ஒவ்வொரு கொழுப்புச் செல்லும் சுருங்குகிறது, கல்லீரல் முந்திக்கொண்டு காலியாகிறது. இங்கிலாந்தின் நியூகாசிலில் சர்க்கரை நோயாளிகள் 11 பேருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 600 கலோரி மட்டும் கொடுத்த ஆய்வு 2011-இல் வெளிவந்தது. ஏழே நாளில் கல்லீரல் கொழுப்பு 30 சதவீதம் குறைந்தது, வெறும் வயிற்றுச் சர்க்கரை இயல்பு நிலைக்கு வந்தது. இவ்வளவு கடுமையான உணவுக் குறைப்பை மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் யாரும் செய்யக் கூடாது.

அப்படியானால் வயிற்றின் உள்ளே, குடலுக்கு முன்னால் திரைபோலத் தொங்கும் கொழுப்பை வெட்டி எடுத்தால்? கிளைனின் குழு அதையும் பார்த்தது. 2010-இல் வந்த முடிவின்படி, அதுவும் இன்சுலினின் வேலையை மேம்படுத்தவில்லை. (இரைப்பையைச் சிறிதாக்கும் பேரியாட்ரிக் அறுவை சிகிச்சையை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது சாப்பிடும் அளவையே மாற்றுவதால் சர்க்கரையை நன்றாகவே குறைக்கும்.)

எடுத்த கொழுப்பு அப்புறம் என்ன ஆகிறது என்பதுதான் எனக்கு அதிகக் கவலை தரும் பகுதி. அமெரிக்காவின் கொலராடோவில், பருமன் இல்லாத பெண்களுக்கு லைபோசக்‌ஷன் செய்து பார்த்த ஆய்வில் ஓராண்டுக்குள் உடல் கொழுப்பு பழைய அளவுக்குத் திரும்பியது. தொடையில் எடுத்தது தொடைக்கு வரவில்லை, பெரும்பாலும் வயிற்றில் சேர்ந்தது. பிரேசிலின் சாவோ பாவ்லோவில் இயல்பான எடையுள்ள பெண்களுக்கு வயிற்றில் சிறிய அளவு லைபோசக்‌ஷன் செய்து ஆறு மாதம் கவனித்தார்கள். உடற்பயிற்சி செய்யாதவர்களுக்கு வயிற்றின் உட்கொழுப்பு 10 சதவீதம் கூடியிருந்தது. அறுவை முடிந்து இரண்டு மாதத்தில் தொடங்கி, வாரம் மூன்று நாள் பயிற்சி செய்தவர்களுக்கு அது கூடவில்லை.