வெயில் காலத்துக் கரண்ட் பில்: நீங்கள் எந்தப் படியில் நிற்கிறீர்கள்?

வெள்ளவத்தையில் எங்கள் மாடிவீட்டின் மேல்தளத்தில் இருக்கும் அக்கா ஒருநாள் இரண்டு கரண்ட் பில்களைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். ஒன்று தை மாதத்தில் வந்தது, 75 யூனிட். மற்றது சித்திரையில் வந்தது, 93 யூனிட். "பதினெட்டு யூனிட்தானே தம்பி கூட. அதுக்குப் போய் இவ்வளவு காசா? மீட்டரில ஏதோ பிழை இருக்கு" என்றார்.

மீட்டரில் பிழை இல்லை. பிள்ளைகளின் அறையில் இரவு முழுக்க ஒரு ஃபேன் கூடுதலாக ஓடியிருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் அந்தப் 18 யூனிட் அவரை ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குத் தூக்கிவிட்டது. கொழும்பில் வெயில் காலத்துப் பில்லைப் பார்த்துத் திகைக்கிற பெரும்பாலான வீடுகளில் நடப்பது இதுதான். இந்தப் படிக்கணக்கை ஒருமுறை விளங்கிக்கொண்டால் போதும், எங்கே கை வைக்கலாம் என்பது தானாகத் தெரியும். அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வீட்டுப் பாவனைக்கான கட்டணத்தை இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு அங்கீகரிக்கிறது. இந்த அட்டவணை வந்தபோது கொழும்பு நகரத்துக்கு விநியோகம் செய்தது மின்சார சபை. கோட்டே, நுகேகொடை, மொறட்டுவைப் பக்கம் லெக்கோ என்ற விநியோக நிறுவனம். யார் தந்தாலும் வீட்டுக் கட்டணம் ஒன்றுதான். 2022 ஆகஸ்டில் சராசரியாக 75 சதவீதமும் 2023 பெப்ரவரியில் 66 சதவீதமும் கூடிய கட்டணம், பிறகு ஏறியும் இறங்கியும் வந்து, 2025 ஜனவரியில் 20 சதவீதம் குறைந்தது. அதே ஆண்டு ஜூன் 12ஆம் திகதி 15 சதவீதம் கூடியது. ஒக்டோபரில் மின்சார சபை மேலும் 6.8 சதவீதம் கேட்டபோது ஆணைக்குழு மறுத்துவிட்டது. கீழே நான் போடும் கணக்கெல்லாம் அந்த 2025 ஜூன் அட்டவணைப்படி. அதற்குப் பிறகு திருத்தம் வந்திருந்தால் ரூபாக் கணக்கை மட்டும் மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் 60 யூனிட் என்ற கோடு. மாதப் பாவனை 60ஐத் தாண்டாத வீட்டுக்கு முதல் 30 யூனிட்டும் ஒன்று 4 ரூபா 50 சதம், அடுத்த 30 யூனிட்டும் ஒன்று 8 ரூபா. நிலையான கட்டணம் 30 யூனிட்டுக்குள் என்றால் 80 ரூபா, 60க்குள் என்றால் 210 ரூபா. ஆக, சரியாக 60 யூனிட் எரித்த வீட்டுக்கு 585 ரூபா வரும். 61 ஆனால்? 4.50, 8 என்ற அந்த மலிவு விலைகள் முழுதாகவே போய்விடும். முதல் 60 யூனிட்டுக்கும் ஒன்று 12 ரூபா 75 சதம் கணக்கு, 61ஆவதற்கு 18 ரூபா 50 சதம். நிலையான கட்டணமும் 400 ரூபா. மொத்தம் 1,183 ரூபா 50 சதம். ஒரேயொரு யூனிட்டுக்காக ஏறத்தாழ 600 ரூபா!

அதற்கு மேலே உள்ள படிகளில், கீழ்ப் படியின் யூனிட் விலை மாறாது. ஆனால் நிலையான கட்டணம் ஒவ்வொரு படிக்கும் எகிறும். 61 முதல் 90 வரை யூனிட் 18 ரூபா 50 சதம், நிலையான கட்டணம் அதே 400. 91 முதல் 120 வரை யூனிட் 24 ரூபா, நிலையான கட்டணம் 1,000. 121 முதல் 180 வரை 41 ரூபா, நிலையான கட்டணம் 1,500. 180க்கு மேல் 61 ரூபா, நிலையான கட்டணம் 2,100. இவற்றோடு 2.5 சதவீத சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு வரியும் பில்லில் சேரும். நான் போடும் கணக்குகளில் அந்த வரியைச் சேர்க்கவில்லை.

இப்போது அக்காவின் பில்லுக்கு வருவோம். இந்த அட்டவணையில் 75 யூனிட்டுக்கு 1,442 ரூபா 50 சதம். 93 யூனிட்டுக்கு 2,392 ரூபா. பாவனை காற்பங்குதான் கூடியிருக்கிறது, காசு மூன்றில் இரண்டு பங்கு கூடிவிட்டது. அவர் 90ஐத் தாண்டியது வெறும் மூன்று யூனிட். அந்த மூன்றையும் எரிக்காமல் விட்டிருந்தால் 1,720 ரூபாவோடு முடிந்திருக்கும். மூன்று யூனிட் என்பது மூன்று மணி நேரம் அயன் போடுவது. ஒரு மாதத்தில் இதைக் குறைப்பது யாராலும் முடிகிற காரியம். தாண்டப்போகிறோம் என்பது முன்கூட்டித் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அதைத் தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. பில்லில் போன முறை மீட்டர் பார்த்த திகதியும் இந்த முறை பார்த்த திகதியும் இருக்கும். படிகள் 30 நாளுக்கு வகுத்தவை. மீட்டர் பார்க்கிறவர் இரண்டு நாள் பிந்தி வந்தால் 60 என்ற எல்லை 64 ஆகும். மூன்று நாள் முந்தி வந்தால் 54 ஆகும். "அவர் பிந்தி வந்ததாலதான் படி கூடிவிட்டது" என்று பலர் கோபப்படுவதைக் கேட்டிருக்கிறேன். நாட்கணக்கு சரியாகப் போடப்பட்டிருந்தால் அப்படி ஆகாது. ஆகவே மாத மொத்தத்தை விட நாளொன்றுக்கு எத்தனை யூனிட் என்பதை மனதில் வைப்பது சுலபம். நாளுக்கு 2 யூனிட் என்றால் 60, 3 என்றால் 90, 4 என்றால் 120, 6 என்றால் 180. வீட்டில் வெயில் காலத்தில் பார்க்க வேண்டிய எண்கள் இந்த நாலும்தான்.

பில் வந்த பத்தாம் நாள் படிக்கட்டுக்கு அடியில் இருக்கும் மீட்டர் பெட்டியைத் திறந்து, கைபேசி வெளிச்சத்தில் எண்ணைப் பாருங்கள். டிஜிட்டல் மீட்டரில் பல எண்கள் மாறி மாறி வரும். கிலோவாட் மணி (kWh) என்ற குறியோடு வருவதுதான் உங்களுக்கு வேண்டியது. புள்ளிக்குப் பின்னால் வருவதை விட்டுவிடுங்கள். அதிலிருந்து பில்லில் உள்ள கடைசி எண்ணைக் கழித்து, பத்தால் வகுக்க வேண்டும். 3.3 வந்தால் இப்படியே போனால் 99 ஆகும் என்று அர்த்தம். மிச்சம் இருபது நாளும் 2.8க்குள் பிடித்தால் 90க்குள் நின்றுவிடலாம். மாதம் முடிந்த பிறகு பார்த்தால் ஒன்றும் செய்ய முடியாது.

சரி, எதைக் குறைப்பது? பங்குனி, சித்திரையில் கொழும்பில் ஃபேனை நிற்பாட்டு என்று யாரிடமும் சொல்ல மாட்டேன். ஏப்ரல் முதற்பாதியில் சூரியன் இலங்கைக்கு நேர் உச்சியில் நிற்கிறது. காற்றில் ஈரப்பதம் வேறு, இரவிலும் புழுக்கம் விடுவதில்லை. வயதானவர்களும் கைக்குழந்தைகளும் இருக்கிற வீட்டில் காற்று வேண்டும். பழைய சீலிங் ஃபேன் ஒன்று 75 வாட் வரை இழுக்கும். இரவு எட்டு மணி நேரம் ஓடினால் மாதத்துக்கு 18 யூனிட். புதிதாக வருகிற பிஎல்டிசி வகை ஃபேன் ஏறத்தாழ 30 வாட்டில் ஓடும், மாதத்துக்கு ஏழு யூனிட் அளவில் நின்றுவிடும். அக்காவின் வீட்டில் கூடுதலாக ஓடிய ஃபேன் அந்த வகையாக இருந்திருந்தால் 82 யூனிட், 1,572 ரூபா. ஃபேன் பழுதாகி மாற்றப்போகிறவர்கள் கடையில் விலையோடு வாட் எத்தனை என்றும் கேளுங்கள்.

ஏசி வேறு கதை. சிறிய படுக்கையறை ஏசி இரவு எட்டு மணி நேரம் ஓடினால் ஐந்தரை யூனிட் அளவு போகும் என்று வைத்துக்கொள்வோம். மாதத்துக்கு 165 யூனிட். ஏசி இல்லாமல் 85 யூனிட் எரிக்கிற வீட்டுக்கு 1,627 ரூபா 50 சதம். ஏசியோடு 250 யூனிட், 10,870 ரூபா. ஏசியின் யூனிட்டெல்லாம் மேல்படியில் போய் உட்காருவதால் அது எரிக்கும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 56 ரூபா விழுகிறது. அதையே படுக்கப்போகும் முன் மூன்று மணி நேரம் போட்டு, அறை குளிர்ந்ததும் நிறுத்தி ஃபேனுக்கு மாறினால் மாதத்துக்கு 60 யூனிட் அளவில் நிற்கும். மொத்தம் 145 யூனிட், பில் 4,565 ரூபா. இரண்டுக்கும் 6,305 ரூபா வித்தியாசம். ஏசி வாங்கப்போகிறவர்கள் மாதத் தவணைப் பணத்தோடு இதையும் சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இரவு பத்தரைக்குப் பிறகு அயன் போட்டால் மலிவு என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை நாட்டின் மின்தேவை உச்சத்தில் இருப்பது உண்மை. நேரத்துக்கு ஒரு விலை என்ற கட்டணமுறையைத் தெரிவு செய்திருக்கிற வீடுகளுக்கு அந்த நேரத்தில் விலை அதிகம் என்பதும் உண்மை. ஆனால் நம்மில் பெரும்பாலானோர் சாதாரணப் படிமுறைக் கட்டணத்தில் இருக்கிறோம். அதில் பகலோ இரவோ, யூனிட் யூனிட்தான். நித்திரையைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

வாடகைக்கு இருப்பவர்கள் இந்தப் பகுதியைக் கவனமாகப் படியுங்கள். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனை எங்கும் பெரிய வீட்டைப் பிரித்து அனெக்ஸாகக் கொடுப்பது வழக்கம். இரண்டு குடும்பம், ஒரு மீட்டர். நடுவில் ஒரு சப் மீட்டர் வைத்து மாத முடிவில் பங்கு பிரிப்பார்கள். வீட்டுக்காரர் நேர்மையானவராக இருந்தாலும் இரண்டு குடும்பத்துக்குமே இதில் நட்டம். ஆளுக்கு 80 யூனிட் என்றால் அந்த ஒரு மீட்டரில் 160 யூனிட், 5,180 ரூபா. தனித்தனி இணைப்பு இருந்தால் ஒவ்வொரு குடும்பத்துக்கும் 1,535 ரூபா, இரண்டும் சேர்த்து 3,070 ரூபா. ஒவ்வொரு மாதமும் 2,110 ரூபா வீணாகப் போகிறது. நான் முன்பு வாடகைக்கு இருந்த அனெக்ஸில் மூன்று வருடம் இப்படிக் கட்டியிருக்கிறேன். யூனிட் விலை எப்படி வந்தது என்று கேட்டபோது, "பில்லை யூனிட்டால் வகுத்தது" என்றார்கள். அந்த வயதில் எனக்கு அதற்கு மேல் கேட்கத் தெரியவில்லை.

தனி வாசலோடு பிரிந்த பகுதிக்குத் தனி இணைப்புக் கேட்டு வீட்டுக்காரர் விண்ணப்பிக்கலாம். மாநகர சபையின் மதிப்பீட்டு இலக்கமும் வீட்டு உரிமைக்கான ஆவணமும் கேட்பார்கள் என்பதால் அவருடைய ஒத்துழைப்பு இல்லாமல் முடியாது. இந்த 2,110 ரூபாக் கணக்கை ஒரு தாளில் எழுதிக் காட்டிப் பேசுங்கள். லாபம் அவருக்கும்தான். அது சரிவராவிட்டால், குறைந்தது மூலப் பில்லைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். மொத்த யூனிட், மொத்த ரூபா இரண்டையும் பார்த்த பிறகு பங்கைக் கட்டுவதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

அப்புறம், உண்மையிலேயே பிழை இருந்தால்? முதலில் பில்லில் உள்ள மீட்டர் இலக்கமும் உங்கள் வீட்டு மீட்டரில் பொறித்திருக்கும் இலக்கமும் ஒன்றா என்று பாருங்கள். மாடிவீடுகளில் பத்துப் பன்னிரண்டு மீட்டர்கள் ஒரே பலகையில் இருக்கும், மாறிப்போக இடமுண்டு. பிறகு வீட்டில் எல்லாவற்றையும் அணைத்து, ஃபிரிட்ஜின் பிளக்கையும் கழற்றிவிட்டு மீட்டரைப் பாருங்கள். பழைய மீட்டரில் தட்டு சுற்றினாலோ, புதியதில் சிவப்பு வெளிச்சம் விட்டுவிட்டு மின்னினாலோ எங்கோ கரண்ட் கசிகிறது, அல்லது வேறு யாருடைய வயரோ உங்கள் மீட்டரில் தொங்குகிறது. வயரிங் தெரிந்தவரைக் கூப்பிட வேண்டிய நேரம் அது.

வீடு பூட்டியிருந்த மாதத்தில் மீட்டர் பார்க்காமல் மதிப்பீட்டில் பில் போட்டிருக்கலாம். சித்திரை வருடப்பிறப்புக்கு ஊருக்குப் போகிறவர்களுக்கு இது நடக்கிறது. அடுத்த பில்லில் இரண்டு மாத யூனிட்டும் ஒன்றாக வந்தால் நாட்கணக்கைப் பாருங்கள். 60 நாளுக்கு 90 யூனிட் என்றால் அது நாளுக்கு ஒன்றரை, 60 யூனிட் வரையான மலிவுப் படியில்தான் வர வேண்டும்.

முறைப்பாட்டை முதலில் உங்கள் பகுதி மின்சார அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். மின்சார சபை வைத்திருந்த அவசர இலக்கம் 1987. மீட்டர் எண்ணைத் திகதியோடு எடுத்த படம், கடைசி ஆறு மாதப் பில், எழுத்தில் ஒரு கடிதம் இருந்தால் நல்லது. மீட்டரைச் சோதிக்கச் சொல்லியும் கேட்கலாம். அங்கே தீராவிட்டால் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம். விநியோகம் செய்பவருக்கும் பாவனையாளருக்கும் இடையிலான பிணக்கைத் தீர்த்துவைப்பதும் அவர்களுடைய வேலைதான். கடிதத்தைத் தமிழிலேயே எழுதுங்கள், தமிழில் பதில் பெறுவது உங்கள் உரிமை. கட்டணத் திருத்தம் வரும்போது ஆணைக்குழு பொதுமக்களின் கருத்தை எழுத்திலும் நேரிலும் கேட்கும். 60 யூனிட்டுக்கும் 61க்கும் நடுவில் 600 ரூபாப் பள்ளம் இருப்பது நியாயமில்லை என்பது என் எண்ணம். அடுத்த முறை கருத்துக் கேட்கும்போது அதை எழுதி அனுப்பப்போகிறேன். அக்காவும் தன்னுடைய இரண்டு பில்லையும் பிரதியெடுத்துத் தந்திருக்கிறார், கடிதத்தோடு இணைக்க.