தேங்காய் உடைத்த கையால் சில்லையும் தொடுங்கோ

போன மாதம் ஒருநாள் இரவு பதினொரு மணிக்கு, அக்காவின் மகன் கனடாவிலிருந்து வட்ஸப்பில் ஒரு படம் அனுப்பினான். வீட்டையே சில்லில் ஏற்றிவிட்ட மாதிரி ஒரு வாகனம் வாங்கியிருக்கிறான். படுக்கை, குசினி, கக்கூஸ் எல்லாம் உள்ளுக்கே இருக்கிறது. மோட்டார் ஹோம் என்பார்கள். பழையதுதான், எஞ்சின் பின்பக்கம். படத்தில் இருந்தது முன்சில்லின் நடுமூடி. அதில் ஒரு வட்டக் கண்ணாடி, கண்ணாடியின் நடுவில் றப்பர் அடைப்பு, பின்னால் கறுப்பாக ஏதோ தெரிந்தது.

"மாமா, இது என்னண்டு தெரியுமோ? உள்ளுக்கு ஒயில் கறுத்துப் போய்க் கிடக்கு. இஞ்ச கராச்சுக்குக் கொண்டுபோனா கையை வைக்கவே காசு கேக்கிறாங்கள்."

எனக்குத் தெரியும். கிளிநொச்சியில் கராச் போடுவதற்கு முன் ஏழு வருசம் சவூதியில் அமெரிக்க லொறிகளுக்குக் கீழே படுத்து எழும்பியவன் நான். இந்தக் கண்ணாடி மூடியைப் பார்த்த பிறகுதான் அங்கே காலைத் தேத்தண்ணி. வன்னியில் எங்கள் கைக்கு வருகிற லொறி, பஸ், உழவு இயந்திரம் இழுக்கிற பெட்டி எல்லாம் அநேகமாகக் கிறீஸில் ஓடுபவை. அவனுடையது ஒயிலில் ஓடுவது. வேலை ஒன்றுதான். சில்லின் நடுக்குடமான ஹப்புக்குள் உள்ளே பெரிதாக ஒன்று, வெளியே சிறிதாக ஒன்று என இரண்டு பெயாரிங் இருக்கும். அவற்றின் உருளைகள் ஒரு பக்கம் சிறுத்துக் கூம்பு மாதிரி இருக்கும். கிறீஸ் ஹப்பில் உருளைகளுக்கிடையில் அப்பிய கிறீஸே எல்லாம். ஒயில் ஹப்பில் கீழ்ப்பாதியில் கியர் ஒயில் நிற்கும். சில்லு சுழலச் சுழல உருளைகள் அதில் முங்கி முங்கி எழும்பும். கழற்றாமலே உள்ளே பார்க்கலாம் என்பது இதில் பெரிய வசதி. அந்த வசதி இருந்தும் பார்க்காமல் விடுகிறவர்கள்தான் கூட.

அவனுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன். கனடாவில், ஜேர்மனியில் இருந்து இதை வாசிக்கிற எங்கட பிள்ளைகள் பலர் இப்போது இப்படி வாகனம் வாங்குகிறார்கள்.

வாகனம் சமதரையில், கொஞ்ச நேரம் ஓடாமல் நிற்க வேண்டும். கண்ணாடியில் மட்டக் கோடு இருக்கும், ஒயில் அந்தக் கோட்டில் நின்றால் சரி. குறைந்திருந்தால் நடு அடைப்பைக் கழற்றி, கைநூலில் குறித்த அதே வகை ஒயிலை மெதுவாக விட வேண்டும். தடித்த ஒயில் பின்பெயாரிங் வரை ஊறிப் போக நேரம் எடுக்கும். அவசரப்பட்டு ஊற்றினால் மட்டம் நிரம்பின மாதிரிக் காட்டும், பத்து நிமிசத்தில் இறங்கிவிடும். கோட்டுக்கு மேலேயும் விடக் கூடாது. ஹப் சூடேறும்போது உள்ளே காற்று விரியும். சில அடைப்புகளில் அந்தக் காற்றுப் போக ஒரு சின்னக் கீறல் வைத்திருப்பார்கள். அது சேற்றில் அடைபட்டாலும், ஒயில் அளவுக்கு மிஞ்சினாலும், அமுக்கம், பின்பக்கம் ஒயிலை அடைத்து வைத்திருக்கிற சீல் என்ற வளையத்தைத் தள்ளிக்கொண்டு போகும்.

அடுத்தது நிறம். நல்ல ஒயில் தேன் நிறம். பால்தேத்தண்ணி நிறத்துக்கு வந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. கறுத்து, முகர்ந்தால் எரிந்த மணம் வந்தால் எங்கேயோ சூடு மிஞ்சியிருக்கிறது. ஒரு சொட்டை எடுத்து இரண்டு விரலுக்கிடையில் தேய்த்து வெயிலில் பிடியுங்கோ. சரிகைத் தூள் மாதிரி மினுங்கினால் பெயாரிங் தன்னைத் தானே தின்னத் தொடங்கிவிட்டது. கண்ணாடியை மட்டும் நம்பாதீர்கள். பழைய கண்ணாடி தானாகவே காவி ஏறி, நல்ல ஒயிலையும் கறுப்பாகக் காட்டும். ஒயிலே இல்லாவிட்டாலும் நிரம்பியிருக்கிற மாதிரிக் காட்டும். அடைப்பைக் கழற்றி விரலை விட்டுப் பார்க்கச் சொன்னேன்.

ஒயில் குறைந்திருந்தால் விட்டு நிரப்பிவிட்டுப் போவது முட்டாள்தனம். போன ஒயில் எங்கே போனது என்று தேட வேண்டும். மூடியின் கஸ்கெற்றால் கசிந்தால் வெளிப்பக்கம் தெரியும். பின் சீலால் போனால் வெளியே நிற்கிறவனுக்குத் தெரியாது. குனிந்து ரயரின் உள்பக்கத்தைப் பார்க்க வேண்டும். நடுவிலிருந்து வெளியே சிதறின மாதிரி ஈரக் கோடுகள் இருக்கும். அந்த ஒயில் பிறேக் லைனிங்கில் பட்டுவிட்டால் கழுவித் துடைத்துப் போடலாம் என்று நினைக்க வேண்டாம். ஊறின லைனிங்கை மாற்றத்தான் வேண்டும்.

இது அவனுடைய கதை. ஆனால் அவன் சொன்ன ஒரு விசயம் என்னை நித்திரை கொள்ள விடவில்லை. வாகனம் ஒக்டோபரில் நிப்பாட்டினால் மே மாதம் வரை பனிக்குள் நிற்குமாம். அசைக்கவே மாட்டார்களாம். இது எங்கட நெல்லுப் பெட்டியின் நோய் அல்லவோ?

வன்னியில் மிசின் பெட்டி காலபோக அறுப்புக்கு ஓடும், பிறகு சிறுபோகத்துக்குக் கொஞ்சம் ஓடும். மிச்சக் காலம் வேப்பமரத்துக்குக் கீழே, கோழி அடைகாக்க நிற்கும். நான் கழற்றிய கெட்ட பெயாரிங்குகளில் ஓடித் தேய்ந்தவை குறைவு. நின்று துருப்பிடித்தவைதான் கூட. நிற்கிற ஹப்பில் ஒயிலோ கிறீஸோ மெல்ல மெல்லக் கீழே இறங்கும். மேலே இருக்கிற உருளைகளில் ஒரு படலம்தான் மிஞ்சும். பகல் சூட்டுக்கும் இரவுக் குளிருக்கும் உள்ளே ஈரம் வேர்க்கும். அந்த ஈரம் உருளைக்கும், அது உருளுகிற வெளி வளையமான கப்புக்கும் இடையில் போய் இருந்துவிடும்.

2018 டிசெம்பரில் இரணைமடுக் குளம் நிரம்பிக் கதவுகளைத் திறந்தபோது கிளிநொச்சியும் முல்லைத்தீவும் தண்ணீரில் நின்றது ஞாபகம் இருக்கும். அந்த வெள்ளத்துக்குள்ளால் சாமான் ஏற்றி ஓடிய பெட்டிகள் உண்டு. தண்ணீர் வற்றினதும் எல்லாரும் கழுவிக் காயவிட்டார்கள். ஹப்பை ஒருவரும் திறக்கவில்லை. இரண்டு மாதம் கழித்து அறுப்புத் தொடங்கியபோது, விசுவமடுப் பக்கமிருந்து ஒரு ஐயா பெட்டியை இழுத்துக்கொண்டு வந்தார்.

"தம்பி, வெறும் பெட்டிக்குச் சத்தமில்லை. நெல்லு ஏத்தினா உறுமுது."

கழற்றினேன். கிறீஸ் சாம்பல் நிறத்தில் தயிர் மாதிரி வந்தது. கப்பை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து வெளிச்சத்தில் திருப்பினால், உருளைகள் இருந்த இடைவெளிக்கு இடைவெளி கறுப்புக் கோடுகள், சீப்புப் பல் மாதிரி. அவ்வளவு நாளும் அந்த உருளைகள் அந்த இடத்திலேயே தண்ணீரோடு குந்தியிருந்து கப்பை அரித்திருக்கின்றன. நகத்தால் இழுத்தால் ஒவ்வொரு கோட்டிலும் தட்டுப்பட்டது. ஐயாவின் விரலைப் பிடித்து இழுத்துக் காட்டினேன். பிறகு அவர் விலை பேசவில்லை.

தண்ணீர் உள்ளே எப்படிப் போகிறது என்று கேட்பார்கள், சீல் இருக்கே என்பார்கள். பத்துப் பதினைந்து கட்டை (மைல்) ஓடின ஹப் சூடாக இருக்கும். அந்தச் சூட்டோடு தண்ணீருக்குள் இறங்கினால் ஹப் சட்டென்று குளிரும், உள்ளே இருக்கிற காற்றுச் சுருங்கும், சீலின் உதட்டால் தண்ணீரை உறிஞ்சி எடுக்கும். வட்டுவாகல் பாலத்துக்கு மேலால் தண்ணீர் பாய்கிற நாளில் கடக்கிறவர்களுக்கு இன்னும் மோசம், அது நந்திக்கடலின் உப்புத் தண்ணீர். கடந்துதான் ஆக வேண்டும் என்றால், இறங்குமுன் கொஞ்சம் நிப்பாட்டி ஆறவிடுங்கோ. அச்சு முங்கத் தண்ணீரில் போன வாகனம் என்றால் அந்தக் கிழமையே ஹப்பைத் திறந்து பழைய கிறீஸை எடுத்துவிட்டுப் புதிது வையுங்கோ. பழையதுக்கு மேல் புதிது அப்புவதில் பிரயோசனம் இல்லை.

சரி, திறக்காமல் சோதிப்பது எப்படி? சமதரையில் மற்றச் சில்லுகளுக்குக் கட்டை வைத்து, முன்சில்லை ஜக்கில் உயர்த்தி, ஸ்டாண்டில் இறக்குங்கோ. ஜக்கை மட்டும் நம்பிக் கீழே போகாதீர்கள். ரயரை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுங்கோ. ஆட்டம் தெரிந்தால் பெயாரிங் போய்விட்டது என்று உடனே சொல்கிறவரிடம் வேலை கொடுக்க வேண்டாம். ஒருவரைப் பிறேக் மிதிக்கச் சொல்லிவிட்டுத் திரும்ப ஆட்டிப் பாருங்கோ. பிறேக் பிடித்ததும் ஆட்டம் நின்றால் பெயாரிங். நிற்காவிட்டால், முன்சில்லு திரும்புகிற அச்சாணியான கிங்பின் பக்கம் பாருங்கோ. இது தெரியாமல் நல்ல பெயாரிங்கைக் கழற்றி எறிந்துவிட்டு, அதே ஆட்டத்தோடு வீட்டுக்குப் போனவர்களை எனக்குத் தெரியும். பிறகு பிறேக்கை விட்டுவிட்டுக் கையால் சுழற்றி, மற்றக் கையை வில்லுத் தகட்டில் வையுங்கோ. காதுக்குக் கேட்காத கரகரப்பு உள்ளங்கைக்குத் தெரியும்.

இறுக்குவது பற்றி ஒரு பாவமன்னிப்பு. பத்தொன்பது வயதில் வேலை பழகும்போது லொறி ஒன்றின் முன்சில்லைப் பூட்டினேன். பெயாரிங்கைப் பிடிக்கிற நட்டை என் பலம் முழுக்கப் போட்டு இறுக்கினேன். நல்லாய் இறுக்கினால் நல்லது என்பது என் அறிவு. லொறி மாங்குளம் தாண்டவில்லை. கிறீஸ் உருகி ஒழுகி, ஹப்பைத் தொட முடியாத கொதி. அச்சுத் தண்டு நீலம் பாரித்திருந்தது. முதலாளி ஏசவில்லை. என் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு முன்சில்லின் கோனை, அதாவது பெயாரிங்கின் உள் வளையத்தை, இறுக்கி, "சுத்து பாப்பம்" என்றார். சுற்றவில்லை. கால்வாசி தளர்த்தினார், சுற்றியது. லொறியிலும் அதே கோன், அதே கப். ஓடும்போது பெயாரிங் சூடாகி விரியும், அதற்கு இடம் விட வேண்டும். சில்லைச் சுழற்றிக்கொண்டே இறுக்கி, தளர்த்தி, மெல்லத் திரும்ப இறுக்கி, கடைசியில் கொஞ்சம் பின்னுக்கு எடுத்துப் பூட்ட வேண்டும். அமெரிக்கக் கனரக வாகனங்களில் கைநூல் கேட்கிற இடைவெளி 0.001 முதல் 0.005 அங்குலம், அதாவது 0.025 முதல் 0.127 மில்லிமீற்றர். கிட்டத்தட்ட ஒரு தலைமயிரின் தடிப்பு. அதைக் கையால் ஆட்டிச் சொல்ல ஏலாது, டயல் கேஜ் வைத்துத்தான் அளக்கலாம். இப்படி இறுக்கித் தளர்த்தி இடைவெளி பார்க்கத் தேவையில்லாமல் அளவு வைத்தே வருகிற ஹப்புகளும் உண்டு. ஆகவே கைநூலைப் பார்க்காமல் நட்டில் கை வைக்காதீர்கள்.

இன்னும் ஒன்று. பெயாரிங் மாற்றினால் கப்பையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கோ. ஹப்புக்குள் இறுகிக் கிடக்கிற பழைய கப்பைத் தட்டி எடுக்கப் பஞ்சிப்பட்டு, புதுக் கோனை அதற்குள் ஓடவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். பழைய கோடுகளில் புது உருளை ஓடினால் என்ன நடக்கும் என்பதை விசுவமடு ஐயாவிடம் கேளுங்கோ.

இவ்வளவும் கராச் வேலை. ஓட்டுகிறவருக்கு உள்ள வேலை சின்னது. ஏ9 வீதியால் போகிற வாகனங்கள் முறிகண்டிப் பிள்ளையாரடியில் நிற்கும். தேங்காய் உடைப்பீர்கள், கச்சான் வாங்குவீர்கள். அந்த நேரம் ஒருமுறை சுற்றி வந்து, ஒவ்வொரு ஹப்பிலும் புறங்கையை வையுங்கோ. உள்ளங்கை வேண்டாம், சுட்டால் கெதியாய் எடுக்க ஏலாது. எல்லாம் ஒரேயளவு சூடென்றால் கச்சானைச் சாப்பிட்டுக்கொண்டு போங்கோ. ஒன்று மட்டும் கொதித்தால் பெயாரிங் அல்லது பிறேக் பிடித்து நிற்கிறது. அதோடு ஓட நினைக்காதீர்கள், அங்கேயே நிப்பாட்டி ஆளைக் கூப்பிடுங்கோ.

மருமகனிடமிருந்து அடுத்த நாள் செய்தி வந்தது. விரலை விட்டுப் பார்த்திருக்கிறான். இடப்பக்க ஒயில் தேன் நிறம்தான், மட்டமும் சரி. கண்ணாடிதான் காவி ஏறியிருந்தது. சந்தோசமாக இருந்தான்.

"வலப்பக்கம் பாத்தனியோ?"

"இல்லை மாமா. அந்தப் பக்கம் வேலியோட நிக்குது."

அரை மணித்தியாலம் கழித்து இன்னொரு படம் வந்தது. ரயரின் உள்பக்கம், நடுவிலிருந்து சிதறின ஈரக் கோடுகள். விரலை விட்டால் அடியில்தான் ஒயில் தட்டுப்படுகிறது என்று எழுதியிருந்தான். படம் எடுக்க வாகனத்தைப் பத்தடி முன்னுக்கு எடுத்தானாம்.

"பத்தடி காணும் அப்பன். ஆள் வந்து சீலை மாத்தி, லைனிங்கையும் பாக்குமட்டும் சாவியைத் தொடாதை."